நாலு அடுப்பும் எரியட்டும்

கேள்வி: பிரவுசரை அப்டேட் செய்தால் வேகம் கூடுகிறது, பழகிய வசதி காணாமல் போகிறதே?

பதில்: 2017 நவம்பர் 14 அன்று வெளியான ஃபயர்பாக்ஸ் 57-ஐப் பாருங்கள். அதுவரை பக்கத்தின் நிறம், எழுத்து, இடைவெளியைக் கணக்கிட்டது பிராசஸரின் ஒரே ஒரு கோர். நாலு அடுப்பு இருந்தும் ஒன்றில் மட்டும் உலை வைத்த கதை. ரஸ்ட் மொழியில் எழுதிய ஸ்டைலோ எஞ்சின் எல்லா அடுப்பையும் பற்றவைத்தது.

நீங்கள் பழகிய வசதிகளைத் தந்த பழைய ஆட்-ஆன்களோ அடுக்களைக்குள்ளேயே புழங்கியவை. ஒரு பாத்திரத்தை நகர்த்தினாலும் தடுக்கி விழும். ஃபயர்பாக்ஸ் குழுவினர் அவற்றை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ளும் புது முறைக்கு மாறினார்கள். சரியான முடிவுதான். ஆனால் அந்த ஆட்-ஆன்களில் பல, சம்பளம் வாங்காதவர்கள் ராத்திரி கண்விழித்து எழுதியவை. அவர்களை மறுபடி முதலிலிருந்து எழுத வைத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.