ரவிக்கைக்குள் இருக்கும் இடம்

பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பூசிவிட்டது. பீரோ நிறையத் துணி, போட ஒன்றுமில்லை! உடம்பைக் குறைப்பதா, துணியை மாற்றுவதா?
— ஒரு வாசகி, மதுரை

ஐந்தரை மீட்டர் புடவை என்றைக்காவது உங்களிடம் அளவு கேட்டிருக்கிறதா? கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறைத்தால் போதும், சொன்னபடி கேட்கும். முரண்டு பிடிப்பது ரவிக்கைதான். அதைத் திருப்பிப் போட்டு பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல தையல்காரராக இருந்தால் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று வரி தையல் ஓட்டியிருப்பார். உள்வரி ஒன்றைப் பிரித்தால் ரவிக்கை இறங்கிவரும். இளைத்த பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ரெடிமேடில் இந்தத் தாராளம் அபூர்வம். பால் கொடுக்கும் காலத்துக்கு முன்பக்கம் திறக்கும் குர்தா இரண்டு, நாடா வைத்த பேன்ட் இரண்டு போதும்.

ஒரு உயிரைச் சுமந்து பெற்ற உடம்பு அது, அதை அவசரப்படுத்தாதீர்கள். ரவிக்கைகளை நாளைக்கே தையல்காரரிடம் கொடுங்கள்.