குவேக் அண்ணன்

நாற்பதைத் தாண்டிய ஐ.டி.க்காரர்கள் கூட்டத்தில் குவேக் அண்ணனை அடையாளம் காண்பது சுலபம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஐந்தே நிமிடத்தில் 1999-இல் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அந்த வருடக் கடைசியில்தான் அன்ரியல் டோர்னமென்ட், குவேக் 3 அரீனா என்ற இரண்டு துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் ஆட்டங்களும் அடுத்தடுத்து வெளிவந்தன. அதற்குப் பிறகு உலகத்தில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்பது அவர் கட்சி.

இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் உருவானவர். ஜன்னல் வழியாக அறைக்கு அறை லேன் கேபிள் இழுத்து, பரீட்சைக்கு முந்தைய ராத்திரி ‘தி லாங்கஸ்ட் யார்ட்’ மேப்பில் அந்தரத்தில் பறந்துகொண்டே ரயில்கன்னால் சுட்டவர். 1997-இல் டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் குவேக் போட்டியில் ஜெயித்து, அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் சிவப்பு ஃபெராரியையே பரிசாக வாங்கிக்கொண்டு போனார். நம் அண்ணன் வாங்கியது மூன்று அரியர்.

குவேக் 3-இல் சிவப்புக் கவசத்தை யாராவது எடுத்துவிட்டால் 25 விநாடி கழித்து அதே இடத்தில் மறுபடி முளைக்கும். உயிரைக் கூட்டும் மெகா ஹெல்த்துக்கு 35 விநாடி. சுடத் தெரிந்தவனெல்லாம் ஆட்டக்காரன் இல்லை. இந்த இரண்டு கணக்கையும் மனசுக்குள் ஓட்டியபடியே சுடுகிறவன்தான் ஆட்டக்காரன். அண்ணன் தூக்கத்தில்கூட ஓட்டுவார்.

“இவ்வளவு கணக்குத் தெரியுது, அடுப்பில வெச்ச பால் எப்போ பொங்கும்னு மட்டும் தெரியாது” என்பார் அண்ணி.

ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் தொடக்கத்தில் ஒரே துப்பாக்கி. மற்றதையெல்லாம் ஓடி ஓடிப் பொறுக்க வேண்டும். தோற்றால் பழிபோட டீமில் ஆள் கிடையாது. அதனால் அண்ணனே சாக்குகளைக் கைவசம் வைத்திருக்கிறார். பிங், அதாவது நெட் தாமதம், அதிகம். மவுஸ் பேட் புதுசு. நாற்காலி ஒரு இன்ச் தாழ்வு. எதுவும் எடுபடாவிட்டால், “125 ஃப்ரேம்ல செட் பண்ண மறந்துட்டேன்.” இதில் விஷயம் இல்லாமலும் இல்லை. குவேக் 3-இன் கணக்குப் பிசகால் விநாடிக்கு 125 ஃப்ரேமில் ஓடினால் கொஞ்சம் உயரமாகக் குதிக்கலாம். அண்ணனுடைய சாக்குகளெல்லாம் இப்படித்தான், பாதி உண்மை.

கன்சோல்காரர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “குறியை மெஷினே இழுத்துக் கொடுத்தா, நீ எதுக்குடா?”

லீவுக்கு வந்த அக்கா மகன் செல்போனில் பேட்டில் ராயல் ஆடிக்கொண்டிருந்தான். மாமா எட்டிப் பார்த்தார்.

“எங்கேடா உன் ஆளு?”

“புல்லுக்குள்ள படுத்திருக்கேன் மாமா.”

“எவ்வளவு நேரமா?”

“பத்து நிமிஷமா.”

“இது சண்டையா, மத்தியானத் தூக்கமா? வா இங்கே.”

பாடம் தொடங்கியது. முன்னாடி போகிற விசையையும் பக்கவாட்டு விசையையும் சேர்த்து அழுத்து, குதி, காற்றில் இருக்கும்போதே மவுஸை மெல்ல அந்தப் பக்கம் வளை. வேகம் கூடும். தரையைத் தொட்டதும் மறுபடி குதி. மேல்தளத்துக்குப் போகணுமா? குதித்துக்கொண்டே காலடியில் ராக்கெட்டை வெடி. அடி படும், ஆனால் மேலே போய்விடுவாய். பையன் வெடித்தான். மேலேயும் போனான், உயிரும் போனது.

பிறகு ஆட்டம். பையன் செத்து மறுபடி முளைக்கிற இடத்திலெல்லாம் மாமா காத்திருந்தார். பதினைந்துக்கு பூஜ்யம். கடைசி அடியைத் துப்பாக்கியால் முடித்திருக்கலாம். கைக்கவசத்தால் போய்க் குத்தினார், ‘ஹ்யூமிலியேஷன்’ (அவமானம்) என்று ஆட்டம் அறிவிக்கும் அந்தக் கனத்த குரலைக் கேட்பதற்காகவே. ஹால் அதிர்ந்தது.

“இன்னொரு ஆட்டம்?”

“நான் புல்லுக்கே போறேன் மாமா.”

இந்த வகை ஆட்டம் ஏன் அழிந்தது என்று கேட்டால் அண்ணனிடம் பட்டியலே இருக்கிறது. எபிக் நிறுவனம் 2014-இல் புது அன்ரியல் டோர்னமென்ட்டைத் தொடங்கி, ஃபோர்ட்நைட்டில் காசு கொட்டியதும் பாதியில் போட்டுவிட்டது. 2023 ஜனவரியில் பழைய அன்ரியல் ஆட்டங்களின் சர்வர்களையும் மூடிவிட்டது. “துரோகம்!” என்பார். இருக்கலாம். ஆனால் ஆசையாக வந்த ஒவ்வொரு புதியவனையும் பதினைந்துக்கு பூஜ்யம் என்று விரட்டியவர்கள் எபிக்காரர்கள் அல்ல. கற்றுக்கொடுத்துக்கொண்டே கொன்றால் எவன் நிற்பான்? எனக்குத் தெரிந்து அண்ணன் வேண்டுமென்றே ஒரு பாயின்ட்கூட விட்டுக்கொடுத்தது கிடையாது. அது ஆட்டத்துக்கே அவமரியாதையாம்.

இப்போது ராத்திரி பதினொரு மணிக்குச் சர்வர் பட்டியலைத் திறக்கிறார். ஆள் இருக்கும் இடங்களில் அவரைப் போலவே இருபது வருட அண்ணன்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்களிடம் போனால் பதினைந்துக்கு பூஜ்யம் இவருக்கே விழும். ஆகவே கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் ‘பாட்’ (bot) எதிரியுடன் ஆடுகிறார். குவேக் 3-இன் கடைசி எதிரி ஸீரோ, ‘நைட்மேர்’ நிலையில். அது ரயில்கன்னைத் தூக்கினால் குறி தப்புவது அபூர்வம்.

நேற்றும் ஒரே அடியில் விழுந்தார்.

“பிங்குடா… சுத்தமா லேக்!” என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினார். ஸீரோ ஓடுவது அவருடைய கம்ப்யூட்டருக்குள்ளேயேதான். நடுவில் நெட்டே கிடையாது.

“யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?” என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டார்.

“ஆபீஸ் கால்!” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை ஒரு இன்ச் உயர்த்தினார்.