ஓரி சாமைச் சோறு சாப்பிட்டாரா?

கொல்லிமலையில், அதை ஆண்ட வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசே விழா எடுக்கிறது. வன்பரணர் புறநானூற்றில் பாடியபடி, ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் உடும்பில் நின்றது. ஐந்து அயிட்டம். ஒன்றுகூட சிறுதானியம் இல்லை!

இதை ஏன் கிளறுகிறேன் என்றால், அதே மலையின் பெயரைப் போட்டு இன்று சாமைப் பாக்கெட் விற்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் நம் முன்னோர் முழுதானியம் மட்டுமே உண்டு நோய்நொடியின்றி வாழ்ந்த கதை. முன்னோர் என்ன நினைத்துச் சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை. இடம் பற்றாது போல.

சரி, ஓரி வேட்டைக்காரர், விட்டுவிடலாம். கரிகாலனைப் பார்ப்போம். பொருநராற்றுப்படையில் பொருநர் என்ற கலைஞர் கூட்டத்துக்கு அவன் விருந்து வைக்கிறான். இறைச்சியைத் தின்று தின்று சலித்துப் போன பிறகு சோறு வருகிறது. என்ன சோறு? தவிட்டுக் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் தீட்டிய, நொறுங்காத, விரல் போல நீண்ட அரிசிச் சோறு. ஆமாம் சார், பாலிஷ் போட்ட அரிசி. கல்லணை கட்டியவன் என்று நாம் கொண்டாடும் ஆள், விருந்தாளிக்குத் தந்த பெரிய கௌரவமே தவிட்டை நீக்கித் தந்ததுதான்.

அப்படியானால் அந்தக் காலத்தில் முழுதானியத்தை யார்தான் சாப்பிட்டார்கள்? வேறு கிடைக்காதவர்கள். மலையில் தினை விதைத்துப் பரணில் உட்கார்ந்து கிளி ஓட்டியவர்கள். அவர்களுக்கும் முன்னால் பாதியைக் கிளி சாப்பிட்டது. கிளியின் ஆரோக்கியம் பற்றிப் பாக்கெட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

நடுவில் ஒரு ஆயிரத்துச் சொச்சம் வருடத்தைத் தாண்டி நேராகச் சேலம் சமவெளிக்கு வந்துவிடுவோம். ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமெல்லாம் பெரும்பாலும் மழையை நம்பிய காடு. கம்பு, சோளம், ஆரியம். (ஆரியம் என்றால் கேழ்வரகு. அரசியல் பேசவில்லை, பயப்படாதீர்கள்.) காலையில் கம்பங்கூழ், ராத்திரி களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல். நெல்லஞ்சோறு தீபாவளிக்கு. இட்லியும் தீபாவளிக்கு. எந்த வீட்டிலாவது சாதாரண வியாழக்கிழமை நெல்லஞ்சோறு ஆக்கினால், மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்தத் தானியத்தில் தவிடு தங்கியதற்குக் காரணம் சித்தர் வாக்கு ஏதுமில்லை. கைவலி. விடியலுக்கு முன்னால் எழுந்து உரலில் கம்பைப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடித்து ஒரு குடும்பத்துக்குச் சோறாக்குவது சின்ன வேலையா? மேல்தோல் போனதும் உலக்கையைச் சாத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். மிச்சத் தவிடு தப்பித்தது. ஆரியத்துக்கு அந்தப் பாடும் இல்லை. பொடித் தானியம், தோலைத் தனியே உரிக்க யாராலும் முடியாது, அப்படியே திரிகையில் போட்டு அரைக்க வேண்டியதுதான். நம் பாரம்பரிய ஊட்டச்சத்து விஞ்ஞானத்தில் பாதி, அலுத்துப்போன தோள்பட்டையின் கண்டுபிடிப்பு.

தவிட்டின் மகிமையை உலகம் கண்டுபிடித்த கதை இதைவிடக் கேவலம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக் கோழிகள் திடீரென்று பெரிபெரி வந்தவர்கள் போலக் கால் விளங்காமல் சாய்ந்தன. பிறகு திடீரென்று எழுந்து நடந்தன. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், காசை மிச்சம் பிடிக்க ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் சமையல்காரர் மாறினார். புதியவர் ரூல்ஸ் பேசுகிற ஆள். ராணுவ அரிசி சிவிலியன் கோழிக்குக் கிடையாது என்று கையை விரித்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன.

எய்க்மனோ, வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிடு அதற்கு மருந்து என்று முடிவுகட்டினார். விஷம் இல்லை, சத்துதான் இல்லை என்று 1901இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரெய்ன்ஸ். 1929இல் நோபல் பரிசு யாருக்கு? எய்க்மனுக்கு. சமையல்காரரின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் கோழியை விட்டு எலியைப் பிடித்தார். இந்தியாவின் மாகாணங்களுக்கு ஏற்ப எலிகளைப் பிரித்து, ஒரு கூண்டுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூண்டுக்கு வங்காளிச் சாப்பாடு, ஒரு கூண்டுக்கு மதராஸி சாப்பாடு. கொஞ்ச நாளில் எடை போட்டார். சப்பாத்தி எலி சராசரி 235 கிராம். நம்மூர் எலி 155. கடைசி ரேங்க்! முழுக்கோதுமைதான் ஜெயித்தது என்று இன்றுவரை இதை மேற்கோள் காட்டுகிறார்கள். சீக்கிய எலிக்குப் பாலும் வெண்ணெயும் பச்சைக் காய்கறியும் சேர்த்துப் போட்டதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த மெனுவில் நானும் 235 வருவேன்.

ஏழை ஆங்கிலேயர் சாப்பாடு என்று வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி கொடுத்த கூண்டில் எலிகள் இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று கொன்று தின்ன ஆரம்பித்தன. நம் எலிகள் இளைத்தாலும் கௌரவமாக இளைத்தன என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. மதராஸி என்றால் அரிசி என்று முடிவுகட்டிய துரை, அதே மாகாணத்தில் கம்பும் களியும் தின்றுகொண்டிருந்த சேலம் ஜில்லாவுக்கு ஒரு கூண்டுகூட ஒதுக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி ஆட்டிப்படைத்தது. தமிழ்நாட்டில் அவ்வளவாக இல்லை. காரணம் புழுங்கல். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து, அதாவது பி1 வைட்டமின், அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். நம் பாட்டிகள் அதற்காகவா அவித்தார்கள்? அவித்தால் உமி சுலபமாகக் கழலும், குருணை குறையும். அதற்காகத்தான்.

1934இல் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கி, ஆலை அரிசியை விடுங்கள், கைக்குத்தல் அரிசிக்கு வாருங்கள் என்றார். அதை நடத்திய ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குப் படித்து, கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். தங்கமான மனிதர், சொன்னதும் சரி. ஆனால் கைக்குத்தல் என்ற திட்டத்தில் கை யாருடையது? ஊரில் ரைஸ் மில் வந்த அன்று உலக்கையை மூலையில் சாத்திவிட்டுப் பெண்கள் விட்ட பெருமூச்சுக்கு முன்னால் எந்த மகாத்மாவும் எடுபடவில்லை.

சேலம் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றது. 1943ஐ ஒட்டி மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கிலிருந்து அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். கிழங்கை அரை, பாலை வடி, தொட்டியில் மாவைத் தெளியவிடு, உருட்டு, வறு. தோல் போச்சு, நார் போச்சு, புரதமும் போச்சு. மிஞ்சுவது சுத்தமான மாவுச்சத்து. தவிட்டை நீக்குவதில் கரிகாலன் தொடங்கியதைச் சேலம் பூரணமாக்கியது!

அதையும் இன்னும் வெள்ளையாக்கு என்று வியாபாரிகள் கேட்க, சில ஆலைகள் வெளுக்க ரசாயனம் போட்டு அதிகாரிகளிடம் மாட்டிக்கொண்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வரும். சவ்வரிசிக்கு 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது, 2023இல் புவிசார் குறியீடும் வந்தது. அதிகமாக வாங்குவது யார் தெரியுமா? வடக்கே நவராத்திரி விரதக்காரர்கள். விரத நாளில் தானியம் கூடாதாம்.

கிழங்குக்குக் காசு வந்ததும் கொல்லிமலைக்காரர்களும் சாமைக் காட்டில் மரவள்ளி நட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையேறிப்போய்ச் சாமையையும் தினையையும் தேடித்தேடிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கீழே நாமக்கல்லில் நடப்பதோ இன்னும் அழகு. மக்காச்சோளம், கம்பு, நாம் தீட்டிக் கழித்த தவிடு எல்லாம் கோழித் தீவனம். சரிவிகித உணவை மில்லிகிராம் கணக்கில் சாப்பிடும் ஒரே ஜீவன் இந்த ஜில்லாவில் கோழிதான். எய்க்மன் உயிரோடிருந்தால் மோகனூர் ரோட்டில் நின்று கும்பிட்டிருப்பார்.

மனிதர்களுக்கு? 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். இலவச அரிசி இருக்கும்போது எவன் கம்பு குத்துவான்? குத்தாதவரைக் குறை சொல்லமாட்டேன். தீபாவளிக்கு மட்டும் கண்ட சோற்றைத் தினமும் சாப்பிட ஆசைப்படுவது பாவமில்லை. அப்பனின் ஆசையை மகன் தீர்த்துக்கொண்டான், பேரன் சர்க்கரை மாத்திரை வாங்கி வந்து, காரை ஓரங்கட்டிவிட்டு, மோர்மிளகாயோடு கம்பங்கூழ் குடிக்கிறான். தாத்தா பார்த்தால், பையனுக்கு வேலை போய்விட்டதோ என்று பதறுவார்.

ஆரோக்கிய உணவில் முழுதானியத்துக்கு இடம் உண்டா என்றால், தாராளமாக உண்டு. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. கம்பில் இரும்புச்சத்து, நார். ராத்திரி புளிக்கவைத்துக் கூழாக்கினால் அது உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். ஆனால் ராகியை நைசாக அரைத்து, கஞ்சி காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்துவிட்டு முன்னோர் கைவிடமாட்டார் என்று நம்பினால், சுகர் மீட்டர் முன்னோரை மதிக்காது. அவர்கள் களி தின்றுவிட்டு ஏர் பிடிக்கப் போனார்கள். நீங்கள் சோபாவுக்குப் போகிறீர்கள்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, தமிழக அரசும் அந்த வருடம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. நல்ல காரியம், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வரட்டும். அதுவரை கடையில் சாமை வாங்குகிறவர்கள் பின்பக்கத்துக் கதையை விட்டுவிட்டு உள்ளே நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக, மங்கலாக இருந்தால் தவிடு இருக்கிறது, வாங்கலாம். பளபளவென்று வெள்ளையாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டுப் பேசாமல் புழுங்கலரிசி வாங்குங்கள். காசாவது மிஞ்சும்.