சீட்டுக்கு அடியில் ஓர் அகழாய்வு: தாம்பரம் வட்டாரத்துப் பழைய கார்களை முன்வைத்து

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவி ஒன்றை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அன்றுதான் ஏட்டில் ஏறியது. அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் மண்ணுக்குள் கிடப்பதைத் தோண்டத்தான் எல்லோரும் அலைகிறார்கள். காருக்குள் கிடப்பதை ஆய்வுலகம் சீண்டவே இல்லை. குறிப்பாக, முன்சீட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகர்த்தும் அந்த ரெயில்களை. இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்தின் தகுதியில் ஐயம் வேண்டாம். 1948இல் பிறந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை, தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம்தான் இருந்தது. 1961இல் ஹெரால்டு, 1972இல் கெசல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000. எண்பதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றுபோனது. அந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஹெரால்டின் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சீட் ரெயிலை வடிவமைத்தவர் பெயரை யாரும் விளம்பரப்படுத்தவில்லை. அவருடைய பாதுகாப்பை உத்தேசித்து இருக்கலாம்.

அமைப்பு எளியது. தரையில் ஒரு சேனல், சீட்டின் அடியில் இன்னொன்று, ஒன்றுக்குள் ஒன்று ஓடும். சில வகைகளில் நடுவே பால்ரஸ் குண்டுகள். ஓரத்தில் வரிசையாகப் பற்கள். லீவரைத் தூக்கினால் கொக்கி பல்லை விடும், விட்டால் ஸ்பிரிங் திரும்ப இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

சிக்கல் கழற்றுவதில் தொடங்குகிறது. முன்பக்க போல்ட்டை எட்ட சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும்; பின்பக்க போல்ட்டுக்கு முன்னால் தள்ள வேண்டும். சீட் நகராததால்தானே கழற்றவே வந்தோம்? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. தருக்க நூலார் இதற்கு அன்னியோன்னியாசிரயம் என்று பெயரிட்டு ஒதுங்கிவிட்டார்கள். மெக்கானிக்குகள் ஒதுங்குவதில்லை. ராத்திரி முழுக்க டீசலில் ஊறவிட்டு, காலையில் ஒருவர் லீவரைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் பின்சீட்டில் உட்கார்ந்து காலால் உதைக்கிறார். ஸ்பேனரிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளின் நட்டுகள் அங்குலக் கணக்கு. 7/16 அங்குலம் என்பது 11.1 மில்லிமீட்டர் என்பதால் 11ஆம் நம்பர் ஸ்பேனர் மெனக்கெட்டு ஏறும். அரை அங்குலத்துக்கு 13ஐப் போட்டால் லொடலொடக்கும், துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கும்.

சீட் வெளியே வந்ததும் அகழாய்வு. மேலடுக்கில் கடலைத்தோல், முறுக்குத்தூள், ஹேர்பின், விபூதிப் பொட்டலம். அதற்குக் கீழே நாணயங்கள். இவையே காலக்கணிப்புக்கு ஆதாரம், ஏனெனில் நாணயத்தில் பொறித்த ஆண்டுக்கு முன்னால் அது அங்கே விழுந்திருக்க முடியாது. காண்டாமிருகம் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாலணா என்றால் 1988க்குப் பிறகு. விளிம்பு நெளிந்த அலுமினியப் பத்து பைசா என்றால் எழுபதுகளை எட்டிவிட்டோம்.

ஆனால் இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு வேறொரு அடுக்கு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த வெள்ளத்தின் மாவு போன்ற வண்டல், சேனலின் மடிப்புக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சீட் உறையை மாற்றலாம், தரைவிரிப்பை மாற்றலாம். சேனல் மடிப்பை யாரும் கழுவுவதில்லை. “தண்ணியே படாத வண்டி சார்” என்று தரகர் சத்தியம் செய்யும்போது விவரமானவர்கள் டார்ச்சோடு குனிவது அதனால்தான்.

இனி ஆய்வின் மையக் கருத்து. சீட் இறுகுவதற்குத் துரு மட்டும் காரணமல்ல. இறுக்கம் போக அப்பிய கிரீஸ்தான் பெரிய குற்றவாளி. கிரீஸ் புழுதியைப் பிடிக்கும், புழுதியோடு சேர்ந்து களிம்பாகும், அது இறுகியதும் மேலே இன்னொரு கை கிரீஸ். தேங்காயெண்ணெய் விடும் மரபும் உண்டு. அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழி விடியலில் சபரிமலைக்குக் கிளம்புகிற டிரைவர் முழங்காலை மடக்கியபடியே போக வேண்டியதுதான்.

ஆகவே டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். உரசும் முகத்தில் பெயின்ட் கூடாது. கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். பால்ரஸ் உள்ள வகையைப் பழைய வேட்டி விரித்து அதன்மேல் பிரிப்பது நலம். பிரிக்கும்முன் எண்ணிக்கொள்ளாதவர் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் தேடிக்கொண்டிருப்பார். வலது இடது ரெயில்கள் மாறினால் கொக்கி பல்லில் உட்காராது. பிரேக் பிடித்தால் சீட்டும் கூடவே வரும். இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

எஞ்சியிருப்பது கண்டெடுத்த காசு உரிமையாளருக்கா, மெக்கானிக்குக்கா என்ற கேள்வி. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்பதால் தொகை பத்தை எட்டுவது கடினம். எட்டினாலும், கார் மண்ணல்ல. ஆனால் முடிச்சூர் வண்டலுக்குள் புதைந்திருந்த காசுக்கு அந்த வாதம் செல்லுமா என்பதில் பெருங்களத்தூர் ஒர்க் ஷாப் வட்டாரத்தில் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.