நடமாடும் வீட்டு வயரிங்: மூலமும் இடைச்செருகலும்

பாடபேதம் ஓலைச்சுவடிக்கே உரியது என்பார் மதம் ஈண்டு மறுக்கப்படும். என்னை? ஜி.எம்.சி. மோட்டார்ஹோமின் இஞ்சின் அறைக்குள் அதைவிடச் சிக்கலான பாடபேதம் கிடப்பதால் என்க.

மூலநூல் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில் 1973 முதல் 1978 வரை இயற்றப்பட்டது. ஏறத்தாழ 13,000 படிகள். இஞ்சினும் முன்சக்கர இயக்கமும் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரிலிருந்து எடுத்தாளப்பட்டமையால் இதை வழிநூல் எனலே பொருந்தும். இஞ்சின் மூடி வீட்டுக்குள்ளேயே, முன் இருக்கைகளை ஒட்டிய தரையில் இருக்கிறது. ஆகவே ஆய்வாளர் குப்புறப் படுத்தே ஆராய்வர். பெரும்பாலான படிகளில் 7.5 லிட்டரான இஞ்சினின் சூட்டில் அரை நூற்றாண்டு வெந்த வயர்கள், வளைத்தால் அப்பளமாய் நொறுங்கும்.

நூலாசிரியர் மரபு தெளிவானது. எந்நேரமும் கரண்ட் உள்ளது சிவப்பு, சாவி திருப்பினால் உயிர்பெறுவது இளஞ்சிவப்பு, ஸ்டார்ட்டருக்குப் போவது ஊதா, எர்த் கறுப்பு. உரையாசிரியர்களோ, அதாவது முந்தைய உரிமையாளர்கள், இதை ஏற்றிலர். கைக்குக் கிடைத்ததே நிறம் என்பது அவர் கொள்கை. ஊதாவாகப் புறப்பட்ட வயர் இன்சுலேஷன் டேப்புக்குள் நுழைந்து மஞ்சளாக வெளிவரும். பிசின் கசிந்த டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். இரு முனைகளைக் கையால் முறுக்கியதோடு அமைந்தாரும் உளர். பெயர் தெரியாவிடினும் அவரை வைதல் தகும்.

ஃபியூஸிபிள் லிங்க் என்னும் துண்டு வயரே இந்நூலின் தலையாய சூத்திரம். தான் காக்கும் வயரைவிட கேஜ் கணக்கில் நான்கு எண் மெலிந்தது. ஷார்ட் ஆனால் முதலில் தான் உருகிப் பிறவற்றைக் காக்கும். அதன் உறை எளிதில் எரியாதாகையால் உருகிய பின்னும் நல்லதாகவே காட்சியளிக்கும். இரு விரலால் இழுத்துப் பார்க்க: இழுத்த இழுப்புக்கு நீண்டால் உள்ளே செம்பு இல்லை. ‘இது அடிக்கடி போகிறது’ என்று சலித்துத் தடித்த வயர் போட்ட உரை ஒன்றுண்டு. அவ்வுரைப்படி உருக வேண்டியது வண்டி.

பாடியே எர்த் ஆகாதோ எனின், ஆகாது, முகப்பு ஃபைபர்கிளாஸ். ஒவ்வொரு விளக்கின் கறுப்பு வயரும் சேஸிஸ் வரை போய்ச் சேர வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட் முடுக்கினால் ஹெட்லைட் அழுது வடியும்; இண்டிகேட்டர் போட்டால் சம்பந்தமில்லாத விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கும். பேய் என்பாரும் உளர்.

பழையதை ஒட்டுப்போட்டுக் காப்பது ஒரு சாரார் மதம். முழுக்க அறுத்துப் புதிதாக இழுப்பதே எம் துணிபு. அறுக்குமுன் முனைதோறும் சீட்டுக் கட்டுக. பேட்டரியைக் கழற்றுக, இஞ்சினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டுண்டு, இரண்டையும் கழற்றுக. ஒன்றோடு நிறுத்தியவரது ஸ்பானரில் வடு காணலாம்.

எல்லாம் இணைத்து இஞ்சின் ஓடிய பின்னும், எங்கும் சேராத பச்சை வயர் ஒன்று எஞ்சும். அதன் முனையில் டேப் சுற்றி, சீட்டு ஏதும் கட்டாமல் உள்ளே தள்ளிவிடுதல் மரபு.