பிட்டரின் மொரிஸ் மைனர்

பசறையிலிருந்து பதுளைக்கு இறங்கும் வழியில், ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கினேன். வேகமானிக்குள் ஒயில் விளக்கு மினுங்கியது. அக்சிலேட்டரை மிதித்ததும் அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடியும் மினுங்கியது. ஓரமாக நிறுத்தி எஞ்ஜினை அணைத்தேன். அந்த விளக்கு சொல்வது என்ன என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதே காரில்தான் தெரிந்துகொண்டேன்.

அது 1976. நமுனுகுல மலையடியில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம். முந்திய ஆண்டுதான் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்திருந்தது. பழைய துரை ஊருக்குக் கப்பலேறப் புதுத் துரை வந்தார். பங்களாவில் நின்ற 948 சி.சி. மொரிஸ் மைனர் அவர் பெயருக்கு மாறியது. அப்பா தேயிலை ஸ்டோரில் பிட்டர். ரோலரும் டிரையரும் பெல்ட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. துரையின் காரும் கேட்காமலே அந்த வேலைக்குள் வந்து சேர்ந்தது.

விளக்கு மினுங்குகிறது என்று துரை வந்து சொன்னபோது அப்பா உடனே பம்ப்பைக் குற்றம் சொல்லவில்லை. முதலில் ஒயில் மட்டம் பார்த்தார். மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வைக் கழற்றி, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சம்பை இறக்கி வடியைக் கழுவினார். பேரிங்குகளைத் துடைத்து விரல் நுனியால் தடவினார். பேரிங் தேய்ந்தாலும் அழுத்தம் இறங்கும். அப்போது பம்ப்பை மாற்றிப் பயனில்லை. எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான், "பம்ப்தாங்கய்யா, எஞ்ஜின வெளிய எடுக்கணும்" என்றார்.

வேறு பல கார்களில் சம்பைக் கழற்றினால் ஒயில் பம்ப் கைக்கு எட்டிவிடும். மொரிஸ் மைனரில் அது எஞ்ஜினின் பின்முகத்தில், கேம் ஷாஃப்ட்டின் வால் முனையில் பூட்டியிருக்கும். அதை மூடிக்கொண்டு பின்தகடு, தகட்டுக்குப் பின்னால் பிளைவீல், பிறகு கிளச், பிறகு கியர்பொக்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாமானை எட்டுவதற்கு இத்தனையையும் பிரிக்க வேண்டும். ஸ்டோர் உத்திரத்தில் செயின் புளொக் கட்டி எஞ்ஜினைத் தூக்கினார்கள். லாம்பு பிடிப்பதும் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவதும் என் வேலை.

பம்ப்பைத் திறந்து காட்டினார். நடுவில் நாலு இதழ்ப் பூப்போல ஓர் உருளை. அதைச் சுற்றி ஐந்து பள்ளங்களோடு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து சுழலும்போது இடையிலுள்ள வெளி ஒரு பக்கம் விரிந்து ஒயிலை இழுக்கும். மறுபக்கம் சுருங்கி அதைத் தள்ளும். உருளைக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கக்கூடிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஐந்து பங்கு. அதற்கு மேல் போனால் தள்ளிய ஒயில் பின்னாலேயே வழிந்துவிடும். அப்பாவின் ஃபீலர் கேஜில் அதைவிடத் தடித்த இதழ் தாராளமாக நுழைந்தது.

புதுப் பம்ப் கிடைக்கிற காலமா அது? இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, மாவுக்கும் சீனிக்குமே வரிசை. கொழும்புக்கு ஆள் அனுப்பியும் வெறுங்கையோடு திரும்பினார். அப்பா தடித்த கண்ணாடித் துண்டொன்றை மேசையில் வைத்து, வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, பம்ப் உடலின் முகத்தை எட்டுப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். தேய்ப்பார், துடைப்பார், அளப்பார், மறுபடி தேய்ப்பார். இரண்டு இரவு அப்படியே கழிந்தது. கேஸ்கட்டும் இல்லை. கிளாக்கர் ஐயாவிடம் பழைய செக்ரோல் அட்டை வாங்கி, பம்ப்பின் முகத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்போடு தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார்.

பூட்டும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒயில ஊத்தி நெரப்பாம பம்ப்ப பூட்டக்கூடாது தம்பி. காஞ்ச பம்ப் இழுக்காது." பிளக்குகளைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும் வரை எஞ்ஜினைச் சுழலவிட்டு, அதன் பிறகே பிளக் பூட்டி ஸ்டார்ட் பண்ணினார். துரை ஏறிப் போனார். அப்பா கொட்டன் வேஸ்ட்டில் கை துடைத்தபடி ரோட்டைப் பார்த்து நின்றார். ஸ்டோர் வாசலுக்கு அப்பால் அந்தக் காரை அவர் ஓட்டியதே இல்லை. அதன் ஆசனத்தில் அமர்ந்து பதுளைக்கு ஒருநாளும் போனதில்லை.

மொரிஸ் மைனரை லண்டன் கண்காட்சியில் முதல்முதலாகக் காட்டியது 1948-இல். இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியதும் அதே ஆண்டு. துறைமுகத்தில் இறங்கிய அந்தக் காருக்கு எண்ணும் பதிவுப் புத்தகமும் கிடைத்தன. இந்த மலையிலேயே பிறந்த அப்பாவுக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார்; பாஸ்போர்ட்டும் வந்தது. போக மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். 1984-இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கடைசியில் அவரை இந்நாட்டுப் பிரஜையாக்கியது. தான் பிறந்த மண்ணுக்கு உரியவராக அவர் வாழ்ந்தது கொஞ்சக் காலமே.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்தக் காரைத் தேடினேன். ஹாலி-எலயில் ஒரு கொட்டகைக்குள், சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடோடு நின்றது. எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். பேரம் பேச வாய் வரவில்லை.

இன்று பதுளையில் ஓர் இளைஞன் அப்பா செய்த அதே வேலையைச் செய்கிறான். புதுப் பம்ப் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தது. கேஸ்கட்டும் கூடவே இருந்தது. எஞ்ஜினைத் தூக்கச் சக்கரம் வைத்த ஹைட்ரோலிக் கிரேன். அரைநாளில் எஞ்ஜின் வெளியே வந்துவிட்டது. கழற்றிய பம்ப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பா தேய்த்தது அல்ல. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவர் கை பட்ட ஒன்றாவது உள்ளே மிஞ்சியிருக்கும் என்று நம்பியிருந்தேன்.

"தம்பி, பூட்டுறதுக்கு முந்தி ஒயில்..." என்று தொடங்கினேன்.

"ஊத்திட்டேன் சேர். காஞ்சா இழுக்காதே" என்றான் அவன், தலை நிமிராமல்.

அந்த ஒரு சொல்லில் மனம் நிறைந்துவிட்டது. கண்ணாடியும் பசையும் போய்விட்டன. செக்ரோல் அட்டை போய்விட்டது. தொழில் மட்டும் கைமாறிக் கைமாறி இவன்வரை வந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி எஞ்ஜினைச் சுழலவிட்டான். விளக்கு அணைந்தது.

வீட்டுக்கு வந்து பதிவுப் புத்தகத்தை விரித்தேன். காரை வைத்திருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன: துரைமார், பிறகு ஒரு முதலாளி, அவர் மகன். இந்த எஞ்ஜினின் ஒவ்வொரு போல்ட்டையும் அறிந்தவரின் பெயர் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அதில் இல்லை. பெயர் மாற்றப் பத்திரத்தை நிரப்பும்போது முழுப் பெயர் கேட்டிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முதலில் எழுதி, அதன் பிறகே என் பெயரை எழுதினேன்.

கடைசி வரியில் அப்படியே பதிந்திருக்கிறது. முதலில் அப்பா, அடுத்து நான்.