தங்கவயலில் கேமரா

கேள்வி: கே.ஜி.எஃப். படம் பார்த்ததிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய் மக்களைப் படமெடுக்க ஆசை. யோசனை சொல்லுங்களேன்? – வாசகர், சேலம்

பதில்: முதலில், படத்து நாயகன் ராக்கி பாயைத் தேடாதீர்கள். அங்கே நீங்கள் பார்க்கப்போவது, வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போய், பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பாறை உடைத்த தமிழர்களின் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரை மூடவில்லை.

மொழிக் கவலை உங்களுக்கு இல்லை. "ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று தமிழிலேயே கேட்கலாம். தூரத்தில் ஒளிந்திருந்து எடுக்கும் லென்ஸைவிட இது மலிவு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளின் வாசலும் தெருவும் ஒட்டியே இருக்கும். அங்கே கேமராவை நீட்டினால் அடுப்பங்கரையில் தலையை நீட்டியது மாதிரிதான். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டை எத்தனை முறை எடுத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது.

காலையில் தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் யாரையும் நிறுத்தி 'போஸ்' கேட்காதீர்கள். பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள். ரயில் போனால் சம்பளம் போச்சு. பழைய தொழிலாளி கிடைத்தால், "கொஞ்சம் சோகமாகப் பாருங்க தாத்தா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்து சிரித்த மனிதர் அவர்.

"அனுப்புறேன்" என்று சொன்னால் பிரிண்ட் போட்டு அனுப்பியும் விடுங்கள், சார்.